கடலோரக் கான்கிரீட் டவரில் கோளாறா? எந்தப் பக்கம், எந்த நேரம் என்று முதலில் கேளுங்கள்

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கரையோரத்தில் எங்கிருந்து போன் வந்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்விதான். கோளாறு, ஆன்டெனா தாங்கும் கான்கிரீட் டவரின் எந்தப் பக்கம் தெரிகிறது? எந்த நேரத்தில், எந்த மாதத்தில் தெரிகிறது? வாட்ஸப்பில் வெடிப்பைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் வெடிப்பு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று படத்தில் இருக்காது. இங்கே அதுதான் பாதி நோயைச் சொல்லும். வாடைக்காற்று வடகடல் உப்பைக் கொண்டுவந்து வடக்கு முகத்தில் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சானும் தெற்கிலிருந்து வரும் சோழகமும் தென்கடல் உப்பைக் கொண்டுவந்து மறுமுகத்தில் அடிக்கும். ஒரு முகம் மட்டும் கெட்டிருந்தால் உப்பு வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். சுற்றிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கட்டும்போதே கலவையில் உப்பு இருந்ததா என்று சந்தேகப்பட வேண்டும்.

கான்கிரீட் டவர் நமக்குப் புதிதல்ல. ராமேஸ்வரத்தில் 300 மீட்டரைத் தாண்டிய தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. டெல்லி பீதம்புராவில் 235 மீட்டரில் ஒன்று, 1988-இல் முடிந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 1956-இலேயே கட்டிவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டி இடத்துக்குத் தகுந்தபடி தனியாக வடிவமைத்துக் கட்டும் நடுத்தர உயர டவர்களுக்கும் காரணம் இருக்கிறது. நான்கு கால் இரும்பு டவருக்கு வேண்டிய இடத்தில் ஒரு பகுதி போதும், பெயின்ட் செலவு குறைவு, இரும்பைக் கழற்றிக்கொண்டு போகிற பயம் இல்லை, பார்வைக்கும் உறுத்தாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நகரத்துக்கென்று போட்ட வரைபடத்தையே எடுத்துவந்து கடற்கரையில் நிறுத்தும்போது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-ஐ எடுத்துப் பாருங்கள். மிதமான சூழலுக்குக் கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது கவர், 30 மி.மீ., கலவையின் வலிமைத் தரம் எம் 25 போதும். கடலோரக் காற்று படும் இடத்துக்கு 45 மி.மீ., எம் 30. கடல்நீர்ச் சாரல் நேராகப் படும் இடத்துக்கு 50 மி.மீ., எம் 35. அந்த 20 மி.மீ. வித்தியாசத்துக்குள்தான் கீழே சொல்லும் துருக் கோளாறுகளில் முக்கால்வாசியும் அடக்கம்.

பையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அரைக் கிலோ சுத்தியல், சாக்பீஸ், வெடிப்பு அளக்கும் அட்டை, பைனாகுலர், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், கொஞ்சம் வினிகர், பினாப்தலின் கரைசல் நிரப்பிய ஸ்ப்ரே. மேலே ஏறுவதற்கு முன் அடியைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். கைப்பிடி அளவு கான்கிரீட் துண்டு 30 மீட்டரிலிருந்து விழுந்தால் தலைக்கவசம் காப்பாற்றாது. ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு டவரடியில்தான் உட்காருவார்கள், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

துருக்கறை வழிந்திருக்கிறது

பயப்படுவதற்கு முன் கறை எங்கே தொடங்குகிறது என்று பைனாகுலரில் பாருங்கள். கிளாம்ப், போல்ட், ஏணிப்படி இவற்றின் அடியிலிருந்து தொடங்கினால் அந்த இரும்புச் சாமானை மாற்றினால் போதும். பொட்டுப் பொட்டாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால், கம்பி கட்டியபோது உள்ளே விழுந்த கட்டுக்கம்பித் துண்டுகள் ஷட்டரிங் ஓரத்தில் ஒட்டியிருந்திருக்கும். அதையும் கிள்ளி எடுத்து அடைத்துவிடலாம். ஆனால் ஒரு கோட்டிலிருந்து, அதுவும் கம்பி ஓடும் கோட்டிலிருந்து கறை வழிந்தால் அது வேறு கதை. கறையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் ஓரம் குறித்து, தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் வழிந்தால் கீழே சொல்வதற்குப் போங்கள்.

மேடைத் தட்டின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். மழை படும் முகத்தில் ஒட்டும் உப்பை மழையே கழுவிவிடும். தட்டுக்கு அடியில் உப்பு வந்து ஒட்டும், மழை எட்டாது. வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். நான் பார்த்த டவர்களில் முதலில் உரிந்த இடம் பெரும்பாலும் அதுதான்.

நெடுக்காக வெடிப்பு, தட்டினால் டொப்பென்ற சத்தம்

இதுதான் பெரிய நோய். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். நல்ல கான்கிரீட் 'டங்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே பிரிந்த கான்கிரீட் 'டொப்' என்று அடங்கிவிடும். ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு ஓர் அடி நீளம் இருந்தால், டொப்பென்ற இடம் மூன்றடி இருக்கும். இரும்பு துருவானால் இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்துக்காகத்தான் அது கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. ஆகவே வெடிப்பை அடைத்தால் துரு நிற்காது, அடைப்பையும் சேர்த்துத் தள்ளும்.

அடுத்து, பிரிந்த துண்டு ஒன்றைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலினைத் தெளியுங்கள். ரோஸ் நிறமானால் கான்கிரீட்டின் காரம் இன்னும் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தைத் தின்றுவிட்டது. நகரத்து டவர்களுக்கு இந்தச் சோதனையே பாதிப் பதிலைத் தந்துவிடும். இங்கே அப்படியில்லை. கம்பி வரை நல்ல ரோஸ் நிறம் வரும், கம்பியோ துருவேறிக் கிடக்கும். உப்பிலுள்ள குளோரைடுக்குக் காரம் குறைய வேண்டும் என்ற அவசியமில்லை. காரம் இருக்கும்போதே கம்பியின் காப்புப் படலத்தை அது ஓட்டை போட்டுவிடும். ரோஸ் நிறத்தைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்து நான் வருத்தப்பட்டதுண்டு.

உப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய டிரில் போட்டுத் தூள் எடுங்கள். 0 முதல் 15 மி.மீ. வரை ஒரு பொட்டலம், 15 முதல் 30 வரை ஒன்று, 30 முதல் 45 வரை ஒன்று. ஆய்வகத்தில் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். வெளித் தூளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் கடற்காற்று. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் கட்டும்போதே வந்த உப்பு: உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள், அல்லது கழுவாத மணல். புதிதாகப் போடும் கம்பிக் கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது நம் விதி. வெளியிலிருந்து வந்த உப்பென்றால் கெட்ட பகுதியைச் சரிசெய்து பூச்சுப் போட்டு நிறுத்தலாம். உள்ளேயே இருந்த உப்பென்றால் பூச்சு வெறும் அலங்காரம்தான், கம்பிக்கே மின்வழிப் பாதுகாப்பு கொடுக்கும் அளவுக்கு யோசிக்க வேண்டியிருக்கும்.

துரு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு அரைமின்கலச் சோதனை இருக்கிறது. செம்பு, செம்பு சல்பேட் முனை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இன்னும் மைனஸாகப் போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு இப்புறம், பூஜ்யத்தின் பக்கம் என்றால் துரு இல்லாமலிருக்க அதே வாய்ப்பு. நடுவில் விழுந்தால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெயின்ட் மேல் வைத்து அளக்காதீர்கள், முகத்தை நனைத்துக்கொள்ளுங்கள், கம்பியோடு இணைப்பு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி சரிசெய்வது. மண்டபம் பக்கம் ஒரு டவர். வரைபடம் எங்கோ நகர எல்லைக்குப் போட்டது, கவர் 30 மி.மீ. வடக்கு முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்ததும் பராமரிப்பு எடுத்தவர்கள் உரிந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசி, பெயின்ட் அடித்துப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நான் போனபோது அந்தப் பூச்சு கல் போல் நின்றது. அதைச் சுற்றி வளையம் போட்டாற்போல் ஒரு முழம் அகலத்துக்குப் புதுவெடிப்பு. காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார்:

"சார், வாடை அடிக்கையிலதான் இந்தப் பக்கம் கொட்டுது. பூசுன எடம் விழல சார், பூசாத எடந்தான் விழுது."

"முன்ன அந்த எடம் நல்லா இருந்துச்சாண்ணே?"

"பூசுறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் பார்த்தது சரி. துருப்பிடித்த கம்பி, தன் பக்கத்துக் கம்பிக்காகத் தானே கரைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் புதுக்கலவையால் மூடியதும், சுற்றிலும் உப்பேறிய கான்கிரீட்டில் இருந்த கம்பி அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே டொப்பென்ற எல்லையோடு நிறுத்தாமல், கம்பி சுத்தமாகத் தெரியும் வரை போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டுக் கொத்த வேண்டும். ஓரங்களைக் கட்டரால் நேராக வெட்டுங்கள், ஓரத்தில் மெலிந்து போகும் பூச்சு நிற்காது. கம்பியைப் பளபளப்பாக்கி, குழிகளுக்குள் இருக்கும் உப்பு போக நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெட்டிய எல்லையைச் சுற்றிக் கம்பியில் துத்தநாக வில்லைகளைக் கட்டினால், கம்பிக்குப் பதில் அது கரையும். பிறகுதான் பாலிமர் கலந்த கலவை.

ஒன்றை மறக்காதீர்கள்: சுத்தம் செய்த கம்பியை இரவு திறந்து வைக்கக் கூடாது. சாயங்காலம் வெள்ளி மாதிரி மின்னிய கம்பி, விடிந்து பார்த்தால் கருப்பட்டி நிறத்தில் இருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அன்றைக்குச் சுத்தம் செய்ததை அன்றைக்கே மூடும் அளவுக்கு மட்டும் கொத்துங்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, துருவை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்து மையம் வைத்ததற்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

புதுக்கலவை இறுகும்வரை ஈரம் காக்க ஊற்றும் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு உப்பை எதிர்த்து வேலை செய்தோம் என்று சொல்ல முடியாது. லாரித் தண்ணீர் செலவைக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் உப்பு புகுவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், 14 நாள் விட்டால் நல்லது. கோணியைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உயரத்துக் காற்றில் அரை மணியில் கோணி காய்ந்துவிடும்.

டவர் முன்னழுத்தக் கம்பி போட்ட வார்ப்புத் துண்டுகளால் ஆனதென்றால் சுத்தியலோடு நிறுத்துங்கள். அதில் கொத்தக் கூடாது. அந்தக் கம்பிகள் இழுத்துக்கட்டிய நிலையில் இருக்கின்றன. ஒன்றிரண்டு மெலிந்தாலும் சொல்லாமல் அறுந்துபோகும். நெடுக்கு வெடிப்பும் துருவும் சேர்ந்து தெரிந்தால் வடிவமைத்த பொறியாளர் வரும் வரை மேலே புது ஆன்டெனா ஏற்ற வேண்டாம்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது

சுரண்டி ஒரு தட்டில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல், வினிகர் பட்டதும் நுரைத்தால் கான்கிரீட்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பு. உப்பென்றால் கழுவுங்கள், எந்த முகம் என்று எழுதி வையுங்கள். சுண்ணாம்பென்றால் தண்ணீர் எதன் வழியாகவோ ஊடுருவி வருகிறது, பெரும்பாலும் துண்டுகளின் இணைப்பு. அதற்கு மேலே எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தேடுங்கள்.

முழங்கால் உயரத்தில் மட்டும் பொரிந்து உதிர்கிறது

நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்களில் உப்புப் பொரிவது போலத்தான். நிலத்தடி உப்புத் தண்ணீர் கான்கிரீட்டின் நுண்துளை வழியே ஏறி, காற்றுப் படும் உயரத்தில் காய்ந்து, உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. வாலிநோக்கம் போல உப்பளம் ஒட்டிய இடங்களில் இதை அதிகம் எதிர்பாருங்கள். முதல் வேலை பூச்சு அல்ல. அடியைச் சுற்றி மண் ஏறியிருந்தால் இறக்குங்கள், தண்ணீர் ஓடும்படி வாட்டம் கொடுங்கள். டவரின் உள்ளே அடியில் வடிதுளை மணலால் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரோடு வருடக்கணக்கில் நின்ற டவரை நான் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் வந்த நாற்றமே சொல்லிவிட்டது. 2020 டிசம்பரில் புரெவி நம் கரையோரமாக நின்று பெய்த மாதிரி ஒரு மழை வந்தால் கட்டாயம் உள்ளே எட்டிப் பாருங்கள்.

டவர் சாய்ந்த மாதிரி தெரிகிறது

எந்த நேரத்தில் அளந்தீர்கள்? காலை வெயில் கிழக்கு முகத்தைச் சுட்டால் அந்தப் பக்கம் நீண்டு, உச்சி மேற்கே வளையும். மாலையில் எதிர்ப்பக்கம். 40 மீட்டர் டவர், சராசரி விட்டம் 1 மீட்டர், இரு முகங்களுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் உச்சி சுமார் 8 செ.மீ. நகரும். இது நோயில்லை. விடியுமுன், காற்று அடங்கிய நேரத்தில், அடுத்தடுத்த சில நாட்கள் அளந்து பாருங்கள். அந்த நேரத்திலும் சாய்வு இருந்து, மாதத்துக்கு மாதம் கூடினால் அஸ்திவாரம் இறங்குகிறது. பக்கத்தில் யாராவது மண் அள்ளினார்களா, புதிதாக ஆழ்குழாய் போட்டார்களா என்று விசாரியுங்கள். கூடவில்லை என்றால் கட்டும்போதே வந்த சாய்வாக இருக்கலாம். முடித்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

புயலுக்கு அசையாதது மெல்லிய காற்றுக்கு ஆடுகிறது

ஊர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் நம்புங்கள். உருண்டைத் தண்டின் இரு பக்கமும் காற்று மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். அந்தத் தாளம் டவரின் சொந்தத் தாளத்தோடு சேர்ந்தால் காற்றுக்குக் குறுக்காக ஆடும். வேகத்தைத் தோராயமாகக் கணக்குப் போடலாம்: நொடிக்கு எத்தனை ஆட்டமோ அதை விட்டத்தால் பெருக்கி, மேலும் 5-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 1 ஆட்டம், 1 மீட்டர் விட்டம் என்றால் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. சோழகம் நிதானமாக வீசும் சாயங்காலம் அவ்வளவு வேகம் வருவது சகஜம். கனத்தால் கான்கிரீட்டுக்கு இந்தத் தொல்லை இரும்பைவிடக் குறைவு. முன்பு ஆடாத டவர் இப்போது ஆடினால், உச்சியில் புதிதாக என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். இணைப்பு போல்ட்டுகளின் முறுக்கத்தையும் சோதியுங்கள்.

விடியற்காலையில் மட்டும் மைக்ரோவேவ் இணைப்பு அறுபடுகிறது

டவருக்கு டவர் அலை அனுப்பும் டிஷ்ஷைத் திருகாதீர்கள். முதலில் நேரத்தைக் குறியுங்கள். மதியத்துக்கு மேல் மட்டும் பலவீனமாகி இரவில் சரியானால் மேலே சொன்ன வெயில் வளைவு, அல்லது தளர்ந்த டிஷ் கிளாம்ப். 15 கிகா ஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கதிர் அகலம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான். வெயில் வளைவு உச்சியைக் கால் டிகிரி திருப்பும். டிஷ் ஏற்கெனவே ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கால் டிகிரி போதும், இணைப்பு போய்விடும்.

காற்று அசையாத விடியலில், கடல் மேல் போகும் இணைப்பு மட்டும் அறுந்தால் டவர் மேல் பழி போடாதீர்கள். குளிர்ந்த ஈரக்காற்று கடல் மேலும் சூடான வறண்ட காற்று அதற்கு மேலும் படிந்தால் அலை நேர்வழியில் போகாமல் வளைந்துவிடும். தனுஷ்கோடியில் நிற்கும்போது போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். அலை வளையும் நாட்களில் இன்னும் தொலைவிலிருந்தும் வரும். உப்பளப் பாத்தியில் நீர் நிரப்பியதும் அதிலிருந்து எதிரொளிக்கும் அலையும் சேர்ந்து குழப்பும். அதே டவரில் சில மீட்டர் கீழே இரண்டாவது டிஷ் வைத்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்று பிடிக்கும்.

உச்சி விளக்கு எரியவில்லை

காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஏற்றுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, தாழப் பறப்பார்கள். பல்பு கெட்டிருப்பதைவிட இணைப்புப் பெட்டிக்குள் உப்பு படிந்து பச்சை பூத்திருப்பதே அதிகம். பெட்டியின் ரப்பர் வளையத்தை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால் அடுத்த வாடைக்கு மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

இடி இறங்கியதும் கருவிகள் போயின

எர்த் அளவை மழைக்காலத்தில் எடுத்த காகிதத்தைக் காட்டுவார்கள். ஈர மணலில் உப்புத் தண்ணீர் இருக்கும்போது எந்த எர்த்தும் நல்ல அளவு காட்டும். மே மாதத்தில், மணல் காய்ந்து கிடக்கையில் அளந்து பாருங்கள். 10 ஓமுக்கு மேல் போனால் குழியை விட்டுவிட்டுப் பட்டையைத் தோண்டுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. பட்டை மண்ணுக்குள் நுழையும் அந்த ஒரு விரற்கடை இடத்தில்தான் தின்றுபோயிருக்கும், மேலேயும் கீழேயும் நன்றாகவே தெரியும். செம்பையும் ஜி.ஐ.-யையும் நேராகச் சேர்த்து முடுக்கியிருந்தால் துத்தநாகம் முதலில் போகும், அந்த இணைப்பைப் பிரித்து இரண்டுக்கும் ஒத்துவரும் கிளாம்ப் போடுங்கள். தண்டுக்குள் ஓடும் கம்பியே இடியை இறக்கும் வழியாக இருந்தால், உச்சியிலிருந்து அடிவரை தொடர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டின் இணைப்பிலும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்ச்சி அறுந்த இணைப்பில் கான்கிரீட் சில்லாகத் தெறித்திருக்கும். அந்தச் சில்லு தெறித்த இடத்துக்கு மறுபடியும் சுத்தியலோடு போய், இரண்டாவது நோய்க்குச் சொன்னபடி தட்டத் தொடங்குங்கள்.